எந்த டைல்ஸுக்குக் கீழே

இதோ இன்னொண்ணு. குழாய்க்கு அடியில, டைல்ஸும் டைல்ஸும் சேர்ற கோட்டுல, எள்ளுல பாதிகூட இருக்காது, சாம்பல் கலர்ல ஒரு புள்ளி. அழுக்குதானேன்னு விரலைக் கொண்டுபோனா டப்புன்னு துள்ளி ஒரு சாண் தள்ளி உக்காந்துக்குது. அங்க நாலு. வாளிக்குப் பின்னாடி, வேண்டாம், வாளியைத் தூக்கிப் பாக்கவே வேண்டாம், நேத்து தூக்கிப் பாத்துட்டு அப்புறம் நாள் பூரா உடம்பெல்லாம் ஊர்ற மாதிரியே இருந்துச்சு. மணி பத்தாகப் போகுது. கழிவுநீர் லாரிக்காரர் பதினோரு மணிக்கு வர்றேன்னிருக்காரு. பன்னெண்டு மணிக்கு அமுதன் ஃபோன் பண்ணுவான். அதுக்குள்ள இந்தத் தண்ணியை அள்ளிக் கொல்லையில ஊத்தணும், இவருக்குக் கஞ்சி குடுக்கணும், துணியை மாத்தணும், அமுதனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு முடிவு பண்ணணும். முடிவு பண்ணியாச்சே. பண்ணியாச்சு, சரின்னுதான் சொல்லப்போறேன், வேற என்னத்தைச் சொல்ல? அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டுல வரிசையா உக்கார வெச்சுச் சோறு போட்டவ நான். இருபத்தாறு வருஷம் சத்துணவு அமைப்பாளர், சமையல் ஆயா இல்ல, கையெழுத்துப் போடற ஆளு. இன்னைக்கு ஒரு மனுஷனையும் ஒரு கக்கூஸையும் சமாளிக்க முடியலை. ஒரு கப்பு தண்ணி ஊத்தினா கோப்பை விளிம்பு வரைக்கும் ஏறி வந்து நின்னு என்னையே பாக்குது. பாத்துட்டு, யோசிச்சுட்டு, மனசே இல்லாம ஒரு விரக்கடை இறங்குது. வாசல்ல தம், தம், தம். ஆரம்பிச்சுட்டாரு.

இவருன்னா என் வீட்டுக்காரர், குருநாதன். மில்லுல மெயின்டனன்ஸ் ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். ஃபேன் சுத்தற சத்தத்தைக் கேட்டே பேரிங் போகப்போகுதுன்னு சொல்ற காது. அந்தக் காதுக்கு என்ன ஆச்சோ. எட்டு மாசத்துக்கு முன்னால ஷேவ் பண்ணிக்கிட்டிருந்த மனுஷன் கண்ணாடிக்கு முன்னாடி அப்படியே சரிஞ்சாரு, வலது கை போச்சு, வலது கால் போச்சு, பேச்சும் போச்சு. மிச்சம் இருக்கறது 'பா'. பசிச்சாலும் பா, வலிச்சாலும் பா. மதுரையில பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். "உங்க பேரு குருநாதனா?"ன்னு கேட்டாரு. இவர் தலையை ஆட்டினாரு. எனக்கு உசிரே திரும்பி வந்துச்சு. "உங்க பேரு மீனாட்சியா?" அதுக்கும் ஆட்டினாரு. "இவங்க உங்க சம்சாரமா?" ஆட்டினாரு. "இவங்க உங்க அம்மாவா?" அதுக்கும் ஆட்டினாரே! டாக்டர் பேனாவை மூடிட்டு, "எவ்வளவு புரியுதுன்னு இப்போதைக்குச் சொல்ல முடியாதும்மா, பொறுமையாப் பாப்போம்"னாரு. சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம், புரியலைன்னுதானே? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். அமுதனும் அப்படித்தான் எடுத்துக்கிட்டான். அன்னையிலிருந்து 'ஏங்க'ன்னு கூப்பிடறதையே விட்டுட்டேன். பதில் வராத இடத்துல எத்தனை நாளைக்கு ஏங்க, ஏங்கன்னு கத்தறது? இப்பல்லாம் வாயைத் திற சாமி, காலைத் தூக்கு சாமி, அவ்வளவுதான். கோயமுத்தூர்ல ஒரு இல்லம் இருக்காம், நர்ஸு இருக்காங்களாம், உடற்பயிற்சி குடுப்பாங்களாம், ஒரு பெட்டு காலியாயிருக்காம், இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள சொல்லலைன்னா வேற யாருக்கோ போயிருமாம். முந்தாநாள் அமுதன் ஸ்பீக்கர்ல அத்தனையையும் சொன்னான். என் கை எப்பவும் ஈரம், ஸ்பீக்கர்லதான் பேசறது. இவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு, கஞ்சி மோவாயில வழிய. "அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"ன்னான். "இருந்தா என்ன, அவருக்கு ஒண்ணும் புரியாது, நீ சொல்லு"ன்னேன்.

தம், தம். அந்த இடத்துல தட்டினா மட்டும் சத்தம் பெருசாக் கேக்குது, எனக்கு எரிச்சல் மூட்டறதுக்குன்னே. நேத்தே கைத்தடியைப் பிடுங்கி பீரோ மேல போட்டுட்டேன். தடி இல்லைன்னா குதிங்காலு. நல்லா இருக்கற இடது குதிங்காலு. தினம் காலையில போர்ட்டிகோவுல, வேப்ப மர நிழல் விழற பக்கம் நாற்காலியைப் போட்டு உக்கார வெச்சுட்டு உள்ள வருவேன். அஞ்சு நிமிஷத்துல கர்ரு கர்ருன்னு சத்தம் கேக்கும். ஒத்தக் காலால நாற்காலியை உந்தி உந்தி நட்டநடு வெயிலுக்கு வந்துருவாரு. அந்த ஒரே இடம். மறுபடி நிழலுக்கு இழுத்துட்டு வருவேன், மறுபடி கர்ரு கர்ரு. பிடிவாதம். அந்தக் காலத்துலயும் இப்படித்தான், குழம்புல உப்பு ஒரு கல்லு கூடிப்போனா வாயால சொல்ல மாட்டாரு, தட்டைத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுருவாரு, என்ன குத்தம்னு நாமதான் கண்டுபிடிக்கணும். வாய் இருந்தப்பவே அப்படி. சரி, ஒரு வாளி அள்ளியாச்சு. இடுப்பு விட்டுப்போச்சு. இந்த இடுப்பு ஒருநாள் பொசுக்குன்னு முறிஞ்சுபோனா அவரை யாரு தூக்கறது, என்னை யாரு தூக்கறது? ரெண்டு பேரும் இந்த ஈரத்தரையில விழுந்து கிடக்க, பூச்சி மேல துள்ளிக்கிட்டு, அய்யோ, இந்த நெனப்புதான் வேண்டாங்கறது.

பூச்சி வந்து மூணு வாரம் இருக்கும். மொதல்ல பாத்ரூம் மூலையில. அப்புறம் பாத்ரூம் வாசப்படி. அப்புறம் இவர் கட்டிலுக்குக் கீழ. பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் காம்பவுண்டு மேல எட்டிப் பாத்து, "தெள்ளுப்பூச்சிங்க தனபாக்கியம், படுத்தவங்க இருக்கற வீட்டுல வரும், அவங்க உடம்புல இருந்துதான் வரும்"னாங்க. நம்பிட்டேன். பெட்ஷீட்டை வெந்நியில போட்டு அவிச்சேன், வேப்பிலை அரைச்சுத் தடவினேன், கற்பூரம் வெச்சேன். அடங்கலை. செவ்வாய்க்கிழமைன்னுகூடப் பாக்காம சலூன்காரரை வரச்சொல்லி இவருக்கு மொட்டை போட்டேன். என்ன முடி தெரியுமா இவருக்கு, அறுபத்திநாலு வயசுல அந்த அடர்த்தி. சட்டைப் பையில சின்னதா ஒரு சீப்பு எப்பவும் இருக்கும். கத்தி நெத்திக்கிட்ட வந்ததும் இடது கையால சலூன்காரர் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சு விட்டேன். பா, பான்னாரு. "சார் அழறாரும்மா"ன்னாரு சலூன்காரர். "கண்ணுல முடி விழுந்திருக்கும், நீங்க செய்ங்க"ன்னேன். அன்னைக்குத்தான் ரெஜினா டீச்சர்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னேன். எதுக்கு இப்ப அது. மொட்டை போட்ட மறுநாளும் பூச்சி அதே மூலையில சௌக்கியமா இருந்துச்சு. ஒரு தீப்பெட்டியில நாலைப் பிடிச்சு உரக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டுப் பாத்தாரு. "இது கடிக்காது, ரத்தம் குடிக்காது, ஈரத்துல பூக்கற பாசியைத் தின்னுட்டுக் கிடக்கும். மருந்தடிச்சுப் பிரயோஜனமில்லை. ஈரம் எங்க இருந்து வருதுன்னு பாருங்க, அதை நிறுத்துனா இது தானாப் போயிரும்"னாரு. அப்ப உடம்புல இருந்து வரலையா? வரலையாம். தீப்பெட்டியை அங்கயே குப்பையில போட்டுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து இவர் தலையைப் பாக்க முடியலை. துண்டை எடுத்து மூடிவிட்டேன், வெயிலுக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு.

ஈரம் எங்க இருந்து வருதாம். எனக்கென்ன தெரியும்? குழாயெல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு. நான் கேட்டதைக் கேட்டுட்டு என் வழிக்குத்தான் போனேன். ஆசிட் வாங்கினேன், மூலை மூலையா ஊத்தினேன், மிச்சத்தைக் கோப்பையில கொட்டினேன். ப்ளீச்சிங் பவுடர் போட்டேன், மண்ணெண்ணெய் ஊத்தினேன். இவர் நல்லா இருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பாரு. கல்யாணம் ஆகி இந்த வீட்டைக் கட்டினதுல இருந்து கோப்பையில ஒரு சொட்டு ஆசிட் என்னை ஊத்த விட்டதில்லை. "கக்கூஸ் தொட்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கு தனம், சம்பளம் இல்லாம வேலை பாக்குது, அதைக் கொன்னுட்டா அப்புறம் நாமதான் அள்ளணும்"பாரு. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வாளி சாணியைக் கரைச்சுக் கோப்பையில ஊத்துவாரு, சாமிக்குப் பொங்கல் படைக்கிற பக்தியோட. அன்னைக்கு நான் அந்தப் பக்கமே போக மாட்டேன், அம்புட்டு நாத்தம். இவர் விழுந்த மறுமாசம் மொதல் வேலையா ஆசிட் பாட்டில் வாங்கினேன். கோப்பை பளபளன்னு ஆச்சு. ஒரு சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் இவரைத் துடைக்கிற ஈரத்தாள், பாக்கெட் பாக்கெட்டா அமுதன் அனுப்புறான், துணி மாதிரி கெட்டியா இருக்கும், அதைக் குப்பையில போட்டா நாறும்னு கோப்பையிலயே போட்டுத் தண்ணி ஊத்தினேன். போயிட்டே இருந்துச்சு. போற வரைக்கும் போச்சு. மூணு வாரத்துக்கு முன்னால இவரைக் குளிக்க வைக்கறப்போ தண்ணி லேசாத் தேங்குச்சு. இவர் இடது கையைத் தரையைப் பாத்து நீட்டி நீட்டி, பா, பான்னு ஒரே ரகளை. இன்னொரு தடவை குளிக்கணும் போலிருக்குன்னு இன்னும் நாலு சொம்பு தலையில ஊத்தினேன். கண்ணை இறுக்க மூடிக்கிட்டாரு.

இப்ப லாரி வந்தா மொதல் கேள்வி என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். மூடி எங்கம்மா? அதுதான் எனக்குத் தெரியலை. தொட்டி முன்பக்கம் போர்ட்டிகோவுக்குக் கீழ, அதுவரைக்கும் தெரியும். முன்னெல்லாம் கறுப்பா ஒரு சிமெண்ட் மூடி, ரெண்டு இரும்பு வளையத்தோட, வாசல்ல நட்டநடுவுல கிடக்கும். அமுதனுக்குப் பொண்ணு பேசி முடிச்சப்போ சம்பந்தி வீட்டுல இருந்து முப்பது பேர் மாப்பிள்ளை வீடு பாக்க வர்றதா இருந்துச்சு. வாசல்ல கோலம் போடற இடத்துல கக்கூஸ் மூடியா? வர்றவங்க மொதல்ல அதை மிதிச்சுக்கிட்டா உள்ள வரணும்? கேட்டை அஞ்சடி தள்ளி வெச்சு, போர்ட்டிகோவை இழுத்து, பூராத்துக்கும் டைல்ஸ் ஒட்டச் சொல்லிட்டேன். "மூடி மேல ஒட்டாதே தனம், நாளைக்கு அடைச்சா என்ன பண்ணுவே?"ன்னாரு. "அடைக்கறப்ப பாத்துக்கலாம், அதான் நீங்க இருக்கீங்கல்ல"ன்னேன். நீங்க இருக்கீங்கல்ல. அவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாள் கொத்தனார்கூட ஒரு மணி நேரம் குத்தவெச்சு உக்காந்திருந்தாரு. மேஸ்திரி வேலை பாக்கறாரு, வீம்பு தீர்ந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். எட்டு வருஷமாச்சு, ஒரு தடவைகூடத் தொறக்கலை, நாலு வருஷத்துக்கு ஒருதரம் எடுக்கணும்பாங்க. நானும் காலையில இருந்து போர்ட்டிகோவுல நடந்து நடந்து பாக்கறேன். கேட்டுல இருந்து எட்டு அடி எடுத்து வெச்சா மூடி இருக்கும்னு ஞாபகம், ஆனா அது பழைய கேட்டு. நந்தியாவட்டைச் செடிக்கு நேரா இருக்கும்னு ஞாபகம், அந்தச் செடியைப் பிடுங்கினதே நான்தான். வீட்டு ப்ளானை எடுத்துப் பாத்தேன், அதுல தொட்டி கொல்லையில இருக்கு! அனுமதிக்குக் குடுத்த ப்ளான் ஒண்ணு, கட்டினது ஒண்ணு, யார் வீட்டுல ஒழுங்கா இருக்கு? தெரிஞ்ச ஒரே ஆளு வாசல்ல உக்காந்து தரையை மிதிச்சுக்கிட்டிருக்காரு. கேட்டா மட்டும் சொல்லிருவாரா. பா.

லாரி பதினொண்ணேகாலுக்கு வந்துச்சு. செபஸ்தியான்னு பேரு, அம்பது வயசு இருக்கும், கூட இன்னொரு ஆளு, குழாயைத் தோள்ல சுத்திப் போட்டுக்கிட்டு. செபஸ்தியான் கோப்பையைப் பாத்தாரு, பாத்ரூம் வெளிச்சுவரோரம் போய் மண்ணைக் கட்டைவிரலால அழுத்திப் பாத்தாரு, சொதசொதன்னு உள்ள போச்சு. "தொட்டி நெறைஞ்சு ஓரமாக் கசியுதும்மா. பூச்சி இந்த ஈரத்துக்குத்தான். மூடி எங்க இருக்கு?" கேட்டுப் பக்கத்துல காட்டினேன், அம்மா வீட்டு முகவரி சொல்ற மாதிரி தைரியமா. கடப்பாரையால டைல்ஸைப் பேத்தாங்க. டைல்ஸ், சிமெண்டு, கீழ செம்மண்ணு. மூடியும் இல்ல, ஒரு எழவும் இல்ல. ரெண்டடி தள்ளிக் காட்டினேன். அங்கயும் மண்ணு. செபஸ்தியான் என்னைப் பாத்தாரு, திட்டலை, திட்டியிருந்தாக்கூடத் தேவலை. "எல்லா வீட்டுலயும் இதே கதைதாம்மா, கோலத்துக்காக மூடியைப் புதைச்சிருவாங்க"ன்னாரு. இவர் இந்தப் பக்கம் பா, பா, பான்னு உச்சக்குரல்ல, நாற்காலி ஆடுது, குதிங்கால் தம் தம் தம்முன்னு. சும்மா இரு சாமி, மானத்தை வாங்காதேன்னு அதட்டினேன். மணியைப் பாத்தா பதினொண்ணு நாப்பத்தஞ்சு. ரெஜினா டீச்சர் தலை காம்பவுண்டுக்கு மேல தெரியுது. இன்னும் எத்தனை டைல்ஸைப் பேக்கறது, பூராத்தையும் பேத்துட்டா என்ன பண்றது, அமுதன் ஃபோன் வந்துருமே, சரின்னு சொல்லிட்டா சாயந்தரமே வண்டி அனுப்பிருவாங்களாமே, இவருக்கு எந்தச் சட்டையைப் போட்டு அனுப்பறது, அந்தச் சீப்பை வெக்கறதா வேண்டாமா, மொட்டைத் தலைக்குச் சீப்பு எதுக்கு.

"சார் என்னமோ சொல்றாரும்மா"ன்னாரு செபஸ்தியான். நான் திரும்பிக்கூடப் பாக்கலை. "அவருக்கு ஒண்ணும் புரியாதுண்ணே, நீங்க இந்தப் பக்கம் பேத்துப் பாருங்க"ன்னேன். அவர் கேக்கலை. கடப்பாரையைக் கீழ போட்டுட்டு நாற்காலிகிட்ட போய்க் குத்தவெச்சு உக்காந்தாரு. "இங்கயா சார்?" இவர் குதிங்காலை அந்த டைல்ஸ் மேல அழுத்தி வெச்சுக்கிட்டுத் தலையை ஆட்டினாரு. தலையாட்டறதை நம்பாதீங்க, அவர் எல்லாத்துக்கும் ஆட்டுவாருன்னு சொல்ல வாயெடுத்தேன். செபஸ்தியான் கை சும்மா இருக்குமா, பக்கத்து டைல்ஸைக் காட்டி, "இதுவா சார்?"ன்னாரு. இவர் தலையை ஆட்டத்தான் செஞ்சாரு, ஆனா குதிங்கால் நகரலை. மறுபடி ஓங்கி மிதிச்சாரு, அதே டைல்ஸை. செபஸ்தியான் கம்பியால இதை ஒரு தட்டு, அதை ஒரு தட்டு தட்டினாரு. மத்ததெல்லாம் டக்குன்னுச்சு. இது தம்முன்னுச்சு. மூணு வாரமா என் காதுல விழுந்த அதே தம். நாற்காலியோட இவரைத் தூக்கி நகத்திட்டு, டைல்ஸ் இடுக்குல கம்பி முனையை விட்டு நெம்பினா, உடையக்கூட இல்ல, பலகை மாதிரி எழுந்து வந்துருச்சு. சிமெண்டே வெக்கலை. கீழ சலிச்ச ஆத்து மணலு. மணலை ஒதுக்கினா கறுப்பு மூடி. ரெண்டு வளையத்துலயும் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் பையைச் சுத்தி, கம்பியால கட்டி வெச்சிருக்கு. மூடி மேல செவப்பு பெயிண்டுல எழுத்து, அவர் எழுத்து, மில்லுல மோட்டார் மேல எழுதற அதே அச்செழுத்து: 'சுத்தம் செய்தது'ன்னு போட்டுத் தேதியும் கிழமையும். நாலு வருஷத்துக்கு முந்தின தேதி. ஒரு புதன்கிழமை. நான் பள்ளிக்கூடத்துல முட்டை எண்ணிக்கிட்டிருந்திருப்பேன். எனக்குத் தெரியாம லாரியை வரவெச்சு, எடுத்து, மறுபடி மணலைப் பரப்பி, டைல்ஸை வெச்சு, நான் வர்றதுக்குள்ள கழுவிவிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி எனக்குக் காப்பி போட்டுக் குடுத்திருக்காரு. கீழ இன்னொரு வரி: 'அடுத்தது'ன்னு போட்டு ஒரு மாசம். இந்த மாசம்.

"வெவரமான மனுஷன்"னாரு செபஸ்தியான். ரெண்டு பேருமா மூடியைத் தூக்கி ஓரமா வெச்சாங்க. நாத்தம் குப்புன்னு ஏறுச்சு. "கிட்ட வராதீங்க, காத்துப் போக அரைமணி நேரம் தொறந்தே கிடக்கட்டும், அப்புறம் குழாயை விடுறோம், ஆளு யாரும் இறங்கறதில்லை"ன்னு சொல்லிட்டு லாரிப்பக்கம் போயிட்டாங்க. நான் அங்கயே நிக்கிறேன். சந்தோஷப்படணும் இல்லியா? மூடி கிடைச்சுருச்சு, பூச்சி போயிரும், இவருக்குப் புரியுது. புரியுது! மூணு வாரமா இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு, வெயில்ல உக்காந்து, தடியைப் பிடுங்கினா காலால. அப்ப பாத்ரூம்ல தரையைக் காட்டினது? நாலு சொம்பு ஊத்தினேனே. மொட்டை? விரலைப் பிரிச்சேனே, ஒவ்வொண்ணா, கண்ணுல முடி விழுந்திருக்கும்னேனே. பெட்டு காலியா இருக்குன்னு ஸ்பீக்கர்ல கேட்டது அத்தனையும். இருந்தா என்ன, ஒண்ணும் புரியாதுன்னது. அய்யோ, ரெஜினா டீச்சர்கிட்ட சொன்னது. காம்பவுண்டோரம் நின்னு சொன்னேன், இவர் நாற்காலி நாலடி தள்ளித்தான் இருந்துச்சு, தலை புதுசா மழிச்சுப் பளபளன்னு. "இப்படிக் கிடக்கறதுக்கு அன்னைக்கே போயிருக்கலாம் டீச்சர்"னேன். அவருக்காகத்தான் சொன்னேன், அவர் கஷ்டத்தைப் பாத்துத்தான், இல்ல, பொய், எனக்காகச் சொன்னேன். என் இடுப்புக்காகச் சொன்னேன். கேட்டுக்கிட்டிருந்திருக்காரு. ஃபேன் சத்தத்துல பேரிங்கைக் கண்டுபிடிக்கிற காது. கேட்டுட்டும் மறுநாள் காலையில நாற்காலியை உந்திக்கிட்டுப் போய்த் தட்டியிருக்காரு, வீடு நாறிப்போயிரக் கூடாதுன்னு. எனக்கு அந்தத் தொட்டிக்குள்ளயே போயிரலாம்னு இருந்துச்சு.

ஃபோன் அடிக்குது. சட்டுன்னு பாத்தா மணி பன்னெண்டு, சொன்னா சொன்ன நேரம், அப்பன் புத்தி. கை ஈரம். ஸ்பீக்கர்லதான் போட்டேன், வேற மாதிரி பேசிப் பழக்கமில்லை. "அம்மா, அந்த இல்லத்துல இருந்து கேக்கறாங்க. என்னம்மா முடிவு பண்ணே? சரின்னு சொல்லிரவா?" இவர் என்னையே பாக்கறாரு. முகத்துல கோபமும் இல்ல, கெஞ்சலும் இல்ல, குழம்புத் தட்டைத் தள்ளி வெச்சுட்டு நாமளாக் கண்டுபிடிக்கட்டும்னு உக்காந்திருப்பாரே, அதே முகம். துண்டு நழுவிப்போச்சு. மண்டையில ரெண்டு மில்லி மீட்டருக்கு வெள்ளையும் கறுப்புமா முளைச்சிருக்கு, நான் இதுவரைக்கும் கவனிக்கவே இல்ல. அவர் கால்ல, பெருவிரல் நகத்துக்கிட்ட, சாம்பலா ஒரு புள்ளி உக்காந்திருந்துச்சு, துள்ளிப் போயிருச்சு. "அம்மா? லைன்ல இருக்கியா? சீக்கிரம் சொல்லும்மா." "இருடா. அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்"னேன். "அப்பாகிட்டயா?"ன்னான், எனக்கும் ஏதோ ஆயிருச்சுன்னு பயந்த குரல்ல. பேத்துப் போட்ட டைல்ஸ் மேல ஃபோனை வெச்சுட்டு, அவருக்கு முன்னாடி குத்தவெச்சு உக்காந்தேன். எட்டு மாசமாச்சு, வாய்க்கு வழியே மறந்துபோச்சு, ரெண்டு தடவை காத்துதான் வந்துச்சு. மூணாவது தடவை வந்துருச்சு.

"ஏங்க"ன்னேன்.